விடிய விடிய ஒரு பாட்டு: திண்டுக்கல் சீமையும் நாடக இசையும்

சித்திரை மாதம். திண்டுக்கல்லைச் சுற்றி வேடசந்தூர் பக்கமோ, நத்தம் பக்கமோ, நிலக்கோட்டை பக்கமோ ஏதோ ஒரு கிராமம். முத்தாலம்மனுக்கோ காளியம்மனுக்கோ சாமி கும்பிடு. மாவிளக்கு எடுத்தாகிவிட்டது, முளைப்பாரி கரைத்தாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஊர்ப் பொட்டலில் கொட்டகை வெளிச்சம். பாயும் தலையணையுமாக ஊரே வந்து இடம் பிடிக்கிறது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். திரைக்கு முன்னால் ஹார்மோனியக்காரர் சுருதி பிடிக்கிறார். அன்றைக்கு "வள்ளி திருமணம்" நாடகம். விடியும் வரை நடக்கும்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. மேடையில் இருக்கும் ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர், மிருதங்கக்காரர் மற்றோர் ஊர். இவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் கிடையாது. ஒத்திகை பார்த்ததும் கிடையாது. சிலர் அன்று மாலைதான் முதல் முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். டைரக்டர் என்று ஒருவர் இல்லை. ஆனாலும் ஏழெட்டு மணி நேரம் பாட்டும் தர்க்கமும் பிசகாமல் நடக்கும்!

இது எப்படி முடிகிறது? நடிகர்களின் திறமை என்று சொல்லிவிடலாம். அது பாதி விடைதான். மீதிப் பாதி, கொட்டகைக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் வாழ்நாள் காதலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

இது என்ன இசை?

தமிழ்நாட்டில் சங்கீதம் என்றால் ஒரு பக்கம் கர்நாடக இசை, இன்னொரு பக்கம் தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி போன்ற நாட்டுப்புறப் பாட்டு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். நாடகப் பாட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் ராகம் உண்டு, தாளம் உண்டு, கீர்த்தனை உண்டு. அதே நாடகத்தில் சிந்தும் கும்மியும் தெம்மாங்கும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்துபோன பார்சி நாடகக் கம்பெனிகளிடம் இருந்து எடுத்துக்கொண்ட இந்துஸ்தானி மெட்டுகளும் உண்டு. பண்டிதர்கள் இதைச் சுத்த சங்கீதம் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. நாட்டுப்புறவியல் ஆராய்ச்சியாளர்களில் பலர், இது எழுதி வைத்த நாடகம் ஆயிற்றே என்று ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத பிள்ளை மாதிரி!

அமெரிக்காவில் "கன்ட்ரி மியூசிக்" என்று ஒன்று உண்டு. மலைக் கிராமத்துப் பாட்டு, சர்ச் பாட்டு, ஊர் ஊராகப் போன கூத்துக் கம்பெனிகளின் பாட்டு எல்லாம் கலந்து உருவானது. நகரத்துக்காரர்கள் பட்டிக்காட்டுப் பாட்டு என்று கேலி செய்தார்கள். ஆனால் கிராமத்து மக்கள் அதைத் தங்கள் சொத்தாக நினைத்தார்கள். அப்பா கேட்ட பாட்டை மகனும் பேரனும் கேட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்கு மிக நெருக்கமான உறவு எது என்று கேட்டால், மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரத்து இசை நாடகம்தான்.

உப்புக் கணக்கரில் இருந்து நாடக ஆசிரியர்

இந்த மேடையின் வேர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். "பழனி" தண்டபாணி சுவாமிகள் என்றும் சொல்லப்பட்ட வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார்.

ஆரம்பத்தில் அவரே நடித்தார். எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்களில் அவர் வந்து நின்றால் ஜனங்கள் நடுங்குவார்களாம். அப்படி ஒருமுறை அவரைப் பார்த்துப் பயந்த கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குக் கரு கலைந்துவிட்டது, அதோடு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்று ஒரு கதை நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

நடிப்பை விட்டவர் எழுத்தில் இறங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, அபிமன்யு சுந்தரி, லவகுசா என்று வரிசையாக எழுதினார். வெண்பா, விருத்தம், கலித்துறை என்று புலவர்கள் கையில் இருந்த பா வகைகளையும், சிந்து, கும்மி என்று ஜனங்கள் வாயில் இருந்தவற்றையும் ஒரே நாடகத்துக்குள் வைத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு கமலைக்காரர் வெண்பாவைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டது இந்த நாடகங்களால்தான். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம் இது என்று சொன்னால் தப்பில்லை.

1918-ல் அவர் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் கம்பெனியை நடத்தினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்டவர்கள். கடைசிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாதம் வந்து பேச்சை இழந்தார். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். அதற்குப் பிறகு நூறு வருடம் தாண்டியும், வருடா வருடம் நாடக நடிகர்கள் அவருக்குக் குருபூஜை நடத்துகிறார்கள்.

ஏன் இந்தச் சீமையில்?

திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவுக்குள் இருந்தது. தனி மாவட்டமாக ஆனது 1985 செப்டம்பரில்தான். மலைக்கோட்டை, புகையிலை, சுருட்டு, பூட்டு, தோல் ஷாப்பு என்று வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். திருச்சியில் இருந்து மதுரைக்கு 1875-ல் ரயில் வந்தபோது திண்டுக்கல்லும் அந்தப் பாதையில் சேர்ந்தது. ரயில் வந்தால் நாடகமும் வரும். திரைச்சீலை, பெட்டி படுக்கை, ஹார்மோனியம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிகள் ஊர் ஊராக நகர முடிந்தது ரயிலால்தான்.

ஊரைத் தாண்டினால் மானாவாரி நிலம். கம்பு, சோளம், கடலை, பருத்தி. மழையை நம்பிய விவசாயம். தை, மாசியில் அறுவடை முடிந்தால் வேலை குறையும். கையில் கொஞ்சம் தானியமும் காசும் இருக்கும். பங்குனி பிறந்தால் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டு. நாடக சீசனும் ஏறக்குறைய அதே கணக்குதான்: பங்குனி தொடங்கி ஆடி வரை.

எல்லா நாடகங்களிலும் இந்தச் சீமை அதிகமாகக் கேட்டது வள்ளி திருமணம். அதற்குக் காரணம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. வள்ளி யார்? தினைக்காட்டில் பரண் மேல் நின்று கவண்கல் வீசிக் கிளி விரட்டும் பெண். சோளக்காட்டில் குருவி விரட்டிய பெண்கள்தான் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள். மேடையில் வள்ளி ஆலோலம் பாடும்போது, அது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் குரல். அவளைத் தேடி வருகிறவர் யார்? மேற்கே பழனி மலையில் நிற்கும் முருகன். இரண்டு பேருமே சொந்தக்காரர்கள்! சபரிமலைக்கும் திருப்பதிக்கும் போகாத ஏழை கூடப் பழனிக்கு நடந்து போய் வந்திருப்பான். அந்த முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து தன் ஊர்ப் பெண்ணிடம் வாதாடித் தோற்பதைப் பார்க்க எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் கண் விழிக்கலாம் அல்லவா?

கிட்டப்பா, சுந்தராம்பாள், 1933

மைக் வராத காலத்தில் கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். அதனால் உச்ச சுருதியில் பாடுவதுதான் நாடக மேடையின் அடையாளம் ஆனது. அந்த உச்சியில் நின்றவர் செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா. சின்ன வயதிலேயே மேடை ஏறியவர்.

அதே காலத்தில் கொடுமுடியில் 1908-ல் பிறந்த ஓர் ஏழைப் பெண், சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு வாங்கியவர், வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து நடிகை ஆனார். அவர்தான் கே.பி. சுந்தராம்பாள். 1926-ல் இலங்கையில் நாடகம் நடத்தப் போன இடத்தில் இருவரும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். வள்ளியும் முருகனுமாக அவர்கள் எதிரெதிரே நின்று பாடுவதைக் கேட்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தார். வயது 27! சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார், கடைசி வரை காப்பாற்றினார். 1935-ல் "நந்தனார்" படத்தில் ஆண் வேடத்தில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். 1951-ல் சென்னை மேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் திரைத்துறையில் இருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். 1953-ல் "ஔவையார்". 1980-ல் மறைந்தார்.

இங்கே கொஞ்சம் உலகத்தின் மறுபக்கத்தையும் பார்க்கலாம். 1927-ல் அமெரிக்காவின் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில் ஒரு ரிக்கார்டு கம்பெனிக்காரர் வந்து தங்கி மலைக் கிராமத்துப் பாடகர்களைப் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் பிறப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே பாடியவர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயில்வேயில் பிரேக் போடும் வேலை பார்த்தவர். காச நோயால் அவர் இறந்ததும் 1933-ல்தான், வயது 35. இங்கே ரயிலில் பாடிய சிறுமி, அங்கே ரயிலில் வேலை பார்த்த பாடகர். இரண்டு நாட்டிலும் ரயிலும் கிராமபோனும் சேர்ந்துதான் கிராமத்துக் குரலை ஊர் தாண்டிக் கொண்டுபோயின. ஒரு ரிக்கார்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். விடிய விடியப் பாடும் பாட்டை மூன்று நிமிடத்தில் அடைக்க வேண்டும். அதனால் ஜனங்களுக்குப் பிடித்த இடம் எதுவோ அது மட்டும் ரிக்கார்டில் ஏறியது. வீட்டில் கிராமபோன் இல்லாதவர்கள் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். அரையணா, காலணா பாட்டுப் புத்தகங்கள் சந்தையில் விற்றன.

முருகன் வேடத்தில் ஒரு கைதி

இந்த மேடை பொழுதுபோக்கு மட்டும் அல்ல. 1876-லேயே ஆங்கிலேய அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் பாட்டின் நடுவே வரும் அரசியலை எப்படித் தடுப்பது?

சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ் அதைச் செய்து காட்டினார். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து, தினைக்காட்டில் பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டைப் பாடுவார். எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று கொட்டகையில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். போலீஸ்காரருக்கும் தெரியும்! பாட்டு முடிந்ததும் வேஷத்தோடு கைது. பலமுறை சிறை. அவர் மருத்துவர் குலத்தில், அதாவது முடிதிருத்தும் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடியவர் சொந்த மேடையிலேயே சாதியையும் சந்திக்க வேண்டி இருந்தது.

1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டு இருந்தபோதே விஸ்வநாத தாஸின் உயிர் பிரிந்தது. பழைய நாடக ரசிகர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொன்னால் இன்றைக்கும் கண் கலங்குவார்கள்.

சினிமாவும் ரேடியோவும்

1931-ல் தமிழ் பேசும் படம் வந்தது. ஆரம்பப் படங்களில் பாதி, நாடகத்தை அப்படியே காமிராவுக்கு முன்னால் நடித்தவைதான். 1933-ல் "வள்ளி திருமணம்" படமாக வந்தது. 1934-ல் "பவளக்கொடி", அதில்தான் தியாகராஜ பாகவதர் அறிமுகம். நாடகம் சினிமாவுக்குக் கதையும் கொடுத்தது, பாட்டும் கொடுத்தது, நடிகர்களையும் கொடுத்தது. பதிலுக்குச் சினிமா கொடுத்தது என்ன? நகரத்துக் கொட்டகைகளை எடுத்துக்கொண்டது! நாடகம் நடந்த இடங்களில் படம் ஓடியது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1940-களில் வந்த சமூக நாடகங்களும் சீர்திருத்த நாடகங்களும் வசனத்தை முன்னால் கொண்டுவந்தன, பாட்டு பின்னால் போனது.

ரேடியோவாவது கை கொடுத்ததா? திருச்சி வானொலி 1939 மே மாதம் தொடங்கியது. திண்டுக்கல்லில் இருந்து நூறு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. இந்திய இசையின் கமகங்களுக்கு அந்த வாத்தியம் ஒத்துவராது என்பது காரணம். ஹார்மோனியம் இல்லாமல் நாடகப் பாட்டா? ராஜபார்ட்டுக்குச் சுருதி கொடுப்பதும், விருத்தத்துக்கு வழி எடுத்துக் கொடுப்பதும், மறந்துபோன அடியை மெல்லப் பாடி ஞாபகப்படுத்துவதும் ஹார்மோனியக்காரர்தான். அவர்தான் மேடையில் பாதி. 1971 வரை, முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. சபைகளும் இடம் கொடுக்கவில்லை, வானொலியும் வாத்தியத்தைச் சேர்க்கவில்லை, நகரத்துக் கொட்டகைகளும் போய்விட்டன.

அப்படியானால் இந்த இசை 1950-களிலேயே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஏன்?

தலைக்கட்டு வரியில் வாழ்ந்த கலை

கம்பெனிகள் கலைந்தபோது நடிகர்கள் தனித்தனி ஆள் ஆனார்கள். அப்படித் தனித்தனியாக ஆள் பிடித்து ஒரே ஒரு ராத்திரிக்காக நடத்தும் நாடகத்துக்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உருவாயின. கிராமத்தில் இருந்து நாட்டாண்மையும் நாலு பெரியவர்களும் ஊருக்கு வருவார்கள். ஏஜென்ட்டைப் பார்ப்பார்கள். இந்த வருடம் ராஜபார்ட் இவர் வேண்டும், வள்ளிக்கு அந்தம்மா வேண்டும், பபூன் அவர்தான் வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்பார்கள். முன்பணம் கொடுப்பார்கள். நடிகர்கள் போட்டோவோடு நோட்டீஸ் அடித்து சுற்றுப்பட்டி முழுக்க ஒட்டுவார்கள்.

இதற்குப் பணம் யார் கொடுத்தது? அரசு இல்லை, சபா இல்லை, கம்பெனி இல்லை. தலைக்கட்டு வரி! கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் வந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்து வசூலிப்பார்கள். மழை பொய்த்த வருடத்திலும் நாடகத்தை நிறுத்தக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் வாதாடும் ஆட்கள் உண்டு. நாடகம் போட்டால் மழை வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. யாருக்கும் டிக்கெட் கிடையாது.

நாடகம் நடக்கும் முறையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் பபூன் வருவார். பிறகு பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் நடத்தும் நகைச்சுவை. சிரித்து முடிக்கும்போது நடுநிசி ஆகிவிடும். அப்புறம்தான் கதை. நாரதர் வருவார். வள்ளி வருவாள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். அப்புறம் வேடன் வேஷத்தில் முருகன், மறுபடியும் தர்க்கம். கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. யார் விஷயம் தெரிந்தவர் என்பது இந்தத் தர்க்கத்தில்தான் வெளியாகும். சுவாமிகள் எழுதியது எலும்புக்கூடு மாதிரி. அதன் மேல் சதை பிடிக்க வைப்பது அந்த ராத்திரி மேடையில் நிற்பவர்களின் வேலை.

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ஒத்திகை இல்லாத நாடகத்துக்குக் காவல்காரர் யார்? முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள்தான். பத்து வயதில் தாத்தா மடியில் படுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்து, ஐம்பது அறுபது வருடமாக அதே நாடகத்தைக் கேட்டவர்கள். எந்த இடத்தில் விருத்தம் வரும், எந்த இடத்தில் கீர்த்தனை வரும் என்று அவர்களுக்கு அத்துப்படி. நடிகர் ஒரு பாட்டைச் சுருக்கிவிட்டால் கீழே இருந்து குரல் வரும். நன்றாகப் பாடினால் "ஒன்ஸ் மோர்"! மேடைக்கு ரூபாய் நோட்டு போகும். பெயரை மைக்கில் சொல்லி வாழ்த்துவார்கள். மோசமாகப் பாடினால் அடுத்த வருடம் நோட்டீஸில் அவர் பெயர் இருக்காது. எழுத்துப் பிரதி கையில் இல்லாத ஊரில், பிரதி முழுக்க ரசிகர்களின் மண்டையில் இருந்தது. ஆயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்து பாதுகாத்த ஏடு அது.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் சூசன் சைசர் 1990-களில் மதுரை வட்டாரத்தில் தங்கி இந்த நடிகர்களோடு பழகி, 2005-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பிலேயே இந்த மேடையின் மேல் ஒட்டியிருக்கும் அவப்பெயர் இடம்பெற்றிருக்கிறது.

காதலின் மறுபக்கம்

அந்த அவப்பெயர் என்ன? நாடகத்தை இவ்வளவு நேசித்த ஜனங்கள் நாடகக்காரர்களை நேசித்தார்களா என்பது சங்கடமான கேள்வி. கூத்தாடி என்பது வசவுச் சொல்லாகத்தான் இருந்தது. முக்கியமாகப் பெண்கள். வள்ளியாக நின்றபோது கையெடுத்துக் கும்பிட்ட ஊர், வேஷம் கலைத்த பிறகு அவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் யோசித்தது. ராத்திரி வேலைக்குப் போகும் பெண், அந்நிய ஆணோடு மேடையில் நிற்கும் பெண் என்ற பேச்சு. அதனால் நடிகைகள் வேனில் எங்கே உட்காருவது, பஸ் ஸ்டாண்டில் எங்கே நிற்பது என்பது வரை பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள். ஒரு ராத்திரியும் குடும்பமும் மானமும் மூன்றையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள்.

சட்டமும் சில சமயம் குறுக்கே வந்தது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஊர் அமைதிக்கு அது தேவையான தீர்ப்புதான். ஆனால் பத்து மணிக்கு ஆரம்பித்து விடியலில் முடியும் ஒரு கலை என்ன செய்யும்? காவல் நிலைய அனுமதிக்கு அலைவது ஒவ்வொரு திருவிழாவின் பகுதியாக ஆனது. 2007-ல் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது ஓர் ஆறுதல்.

பிறகு 2020 மார்ச். கொரோனா ஊரடங்கு வந்த மாதம், சீசன் தொடங்கும் மாதம்! பங்குனி போனது, சித்திரை போனது, ஆடியும் போனது. அடுத்த வருடமும் அதே கதை. ஆறு மாதம் சம்பாதித்து ஆறு மாதம் சாப்பிடும் கலைஞர்களுக்கு இரண்டு வருடம் சீசன் இல்லை. பல மாவட்டங்களில் கலைஞர்கள் வேஷம் கட்டிக்கொண்டே கலெக்டர் ஆபீசுக்கு வந்து மனுக் கொடுத்தார்கள். ராஜபார்ட் கிரீடத்தோடு வரிசையில் நின்ற காலம் அது.

மிச்சம் இருப்பது

இந்த இசையின் விதை வேறு வேறு இடங்களில் முளைத்திருக்கிறது. அன்றைய மதுரை ஜில்லாவின் பண்ணைப்புரத்தில் இருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக மேடை ஏறிய தம்பிதான் பின்னாளில் இளையராஜா. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய லியோனி 1990-களில் பட்டிமன்ற மேடையில் பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று பாடிப் பாடி வாதாடியபோது கிராமம் கிராமமாக ஜனங்கள் கூடினார்கள். கேசட்டுகள் விற்றுத் தீர்ந்தன. திருவிழா ராத்திரியில், பாட்டாலேயே ஒருவரை ஒருவர் மடக்குவதைக் கேட்பது இந்தச் சீமைக்குப் புதிதா என்ன? நாரதர் வள்ளி தர்க்கத்தைக் கேட்டுப் பழகிய காதுகள் அல்லவா அவை!

இப்போது முழு ராத்திரி நாடகங்களையும் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் திண்டுக்கல்காரரும், துபாயில் இருப்பவரும் போனில் வள்ளி திருமணம் கேட்கிறார்கள். பாட்டு அழியாது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் யூடியூபில் கேட்பவர் "அடியை விட்டுவிட்டாயே" என்று மேடையைப் பார்த்துக் குரல் கொடுக்க முடியாது. பாயில் உட்கார்ந்து காவல் காத்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது முன்வரிசை காலியாகிறது. நடிகர்கள் புதிதாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தக்கூடிய ரசிகர்கள் வருகிறார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு கலையைக் காப்பாற்ற விருதும் வாரியமும் வேண்டும். அதைவிட முக்கியமாக அதைத் தெரிந்துகொண்டு கேட்கும் காது வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து நூறு வருடம் கழித்தும் அவர் பாட்டு மிஞ்சியது, பேர் தெரியாத லட்சக்கணக்கான விவசாயிகளும் கூலிக்காரர்களும் வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டதால்தான். அந்தக் கேட்பும் ஒரு கலைதான்.

அடுத்த சித்திரையில் உங்கள் ஊர்ப் பக்கம் கொட்டகை போட்டால், பபூன் காமெடி முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, விடியும் வரை அவர் எந்த இடத்தில் தலையாட்டுகிறார், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது.